பூஜ்யம் என்று குறித்துவைத்த வலி

சென்ற வருடம் ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் மாடிப் போர்ஷனில் இது நடந்தது. எதையும் நேரம் போட்டு எழுதிவைப்பது என் பழக்கம் என்பதால் நிமிடம் வரை சொல்கிறேன். அந்தப் பழக்கம்தான் என்னை ஏமாற்றியது. கடைசியில் கொஞ்சம் கைகொடுத்ததும் அதுதான்.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்தவள். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் சூட்டையும் அளக்கிற கருவிகளைச் சரிபார்க்க வேண்டும். கருவி இருக்கும் இடத்தில் நான் நிற்பேன், கன்ட்ரோல் ரூமில் இன்னொருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அழுத்தம் கொடுத்துவிட்டு வாக்கி டாக்கியில் "வருதா?" என்று கேட்பேன். அவர் "வருது" என்றால் அந்தக் கருவிக்கு ஒரு டிக். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இந்த இரண்டு வார்த்தைகளைப் பேசிவிடுவோம்.

வீட்டில் நானும் நைனாவும் மட்டும்தான். அப்பாவை நைனா என்று கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். நான் பத்தாவது படிக்கும்போது அம்மா தவறிவிட்டார். நைனா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் லாரி ஓட்டியவர். இருபது வருடத்துக்கு மேல் அந்த சீட்டின் குலுக்கலை வாங்கி வாங்கி, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு டிஸ்க் பிதுங்கி, வலது காலுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. ஆறு மாதம் மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தோம். கிளட்சை மிதித்துப் பழகிய மனிதர் படுக்கையில் திரும்பிப் படுக்கவே அழ ஆரம்பித்ததும் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டோம்.

ஆபரேஷன் ஒரு திங்கட்கிழமை நடந்தது. நல்லபடியாகவே முடிந்தது. மறுநாளே பிடித்து நடக்க வைத்தார்கள். புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் இரண்டு பக்கத் தாள் ஒன்று கொடுத்தார்கள். முதல் பக்கம் மாத்திரைகள். இரண்டாவது பக்கத்தில், "இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே தெரிவிக்கவும்" என்று பத்து விஷயங்கள்.

எனக்கு இப்படி ஒரு தாள் கிடைத்தால் அதை அப்படியே விட மனம் வராது. அன்று சாயங்காலமே ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். காய்ச்சல் எவ்வளவு. தையல் போட்ட இடத்தில் சிவப்போ ஈரமோ இருக்கிறதா. எத்தனை அடி நடந்தார். எவ்வளவு தண்ணீர் குடித்தார். கால் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் நிரப்ப வேண்டும்.

தாளில் இருந்தவை பத்து. என் நோட்டில் வந்தவை ஒன்பது.

பத்தாவது வரி இதுதான்: ஒன்றுக்குப் போவதில் சிரமம், உட்காரும் இடத்திலும் அந்தரங்கப் பகுதியிலும் மரத்துப்போதல். அதை எழுதப் பேனாவை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். இதை நைனாவிடம் தினமும் மூன்று வேளை நான் எப்படிக் கேட்பது? அப்படி ஏதாவது இருந்தால் அவரே சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லிவிட மாட்டார் என்பது என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. அம்மா போன பிறகு ஒரு முறை மாதவிடாய் வலியில் நான் சுருண்டு படுத்திருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்ப் பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பி வைத்தவர் அவர்.

குளிக்க வைப்பதற்கும் பாத்ரூமுக்கு அழைத்துப் போவதற்கும் பாய் மாமா வருவார். நைனாவின் தோஸ்து. தண்டையார்பேட்டைக்காரர். ஒரு காலத்தில் நைனாவுடன் வண்டியில் கிளீனராக ஓடியவர், இப்போது எங்கள் தெருமுனையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு வந்து நைனாவைப் பாத்ரூம் வாசல் வரை கொண்டுவிட்டு, கதவுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இரண்டு பேரும் ஒரே லாரியில் பத்து வருடம் தூங்கி எழுந்தவர்கள், ஆனாலும் அந்த விஷயத்தில் அவ்வளவு கூச்சம்.

முதல் சில நாட்கள் நன்றாகப் போயின. கால் வலி இரண்டு, ஒன்று என்றே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு என்றார். திங்கட்கிழமை ஆறு. வலது தொடையின் பின்பக்கத்திலிருந்து கால் விரல் வரை பழையபடி இழுக்கிறது என்றார். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மார்க். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துப் பாருங்கள், குறையாவிட்டால் நாளைக் காலை பத்து மணிக்கு அழைத்து வாருங்கள், டாக்டர் இருப்பார் என்றார்கள். பத்து மணியை எழுதி அடிக்கோடு போட்டேன்.

அன்று சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். நைனா விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். முகத்தில் இரண்டு நாளாக இருந்த சுளிப்பு இல்லை. எத்தனை என்று கேட்டேன்.

"காலு கீதா இல்லியான்னே தெர்லமா. பஞ்சு மாரி கீது."

இந்தப் பேச்சை நாங்கள் எப்போது பேசுவோம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். புதுச் செருப்பு நன்றாக இருந்தால் 'போட்டிருக்கிறதே தெரியவில்லை' என்போம். வண்டிக்கு நல்ல கியர் எண்ணெய் ஊற்றினால் நைனா 'கியர் போட்டதே தெர்ல' என்பார். தெரியவில்லை என்றால் எங்கள் ஊரில் அது பாராட்டு.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த முதல் பூஜ்யம் அது. அதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வலி சுத்தமாகப் போய்விட்டது, நாளைக்கு வரவில்லை என்று சொல்லி, அந்தப் பத்து மணியை ரத்து செய்தேன். சூப்பர்வைசருக்கும் போன் செய்து, நாளை வேலைக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

அன்று ராத்திரி நைனா சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீரும் வேண்டாம் என்றார். 'தண்ணீர்: குறைவு' என்று எழுதினேன். ஏன் என்று கேட்கவில்லை.

புதன்கிழமை காலை. யூனிஃபார்ம் போட்டு, ஷூ மாட்டி, டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஏழரை மணிக்கு ஹைரோடில் கம்பெனி பஸ். எங்கள் தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதாவது ஏழரைக்கு நான் பஸ் ஏறியிருந்தால், சாயங்காலம் ஐந்து மணி வரை என்னை யாரும் பிடித்திருக்க முடியாது.

பாய் மாமா நைனாவைப் பாத்ரூமிலிருந்து அழைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். ஒரு கை நைனாவின் தோளில். வந்தவர் திடீரென்று நின்று கீழே பார்த்தார்.

"இன்னா மாமு, ஒத்த செருப்போட வந்துகினு கீற? இன்னொண்ண இன்னாத்துக்கு வுட்டுட்டு வந்த?"

நைனா குனிந்து பார்த்தார். இடது காலில் ரப்பர் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாகத் தரையில் இருந்தது. வலது கால் செருப்பு பாத்ரூம் வாசலில், பன்னிரண்டு அடி தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது. நைனா அதைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், மறுபடியும் செருப்பைப் பார்த்தார். அது கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை.

பாய் மாமா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நைனாவின் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. லாரி பிரேக் பிடிக்காமல் போன கதைகளை எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லும் மனிதர் அவர். அன்று பயந்திருந்தார். அதைவிட மோசம், அந்தப் பயம் அவருக்குப் புதிதாக இல்லை. ராத்திரி முழுக்கத் தனியாக அதோடு படுத்திருந்திருக்கிறார்.

அவரைப் படுக்க வைத்தோம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, மூடிய முனையால் வலது கால் கட்டைவிரலை அழுத்தினேன். பழக்க தோஷத்தில் என் வாய் தானாகக் கேட்டது.

"வருதா?"

"இன்னா வருதா?" என்றார் நைனா. கண் மூடியேதான் இருந்தது.

இன்னும் அழுத்தினேன். நகம் வெளுத்தது. பாதத்தின் மேல்பக்கம், கணுக்கால், கெண்டைக்காலின் வெளிப்பக்கம் என்று ஒவ்வொரு இடமாக மேலே போனேன். ஒவ்வொரு இடத்திலும் வருதா, வருதா என்று கேட்டேன். பதில் இல்லை. முழங்காலைத் தொட்டபோதுதான், "ஆங், இப்ப வருது," என்றார். கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னேன். இடது விரல் மேலே வந்தது. வலது விரல் அசையவில்லை. நைனா மட்டும் தூக்கிவிட்டதாக நினைத்து, "தூக்கிட்டேன், போதுமா?" என்று கேட்டார்.

அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது டாக்டர் கொடுத்த தாள் இல்லை, டிப்ளமோவில் முதல் மாதம் படித்த பாடம். எங்கள் கருவிகள் அளவை ஒரு ஒயர் வழியாக மின்சாரமாக அனுப்பும். அழுத்தம் பூஜ்யமாக இருந்தாலும் நான்கு மில்லி ஆம்பியர் வந்துகொண்டே இருக்க வேண்டும். நான்கு வந்தால், அழுத்தம் இல்லை, ஆனால் கருவி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் வராமல் நிஜமாகவே பூஜ்யம் வந்தால், ஒயர் அறுந்துவிட்டது. இந்த இரண்டு பூஜ்யத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் அரிச்சுவடி. புதிதாக வரும் பயிற்சியாளர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த நான்தான் நைனாவின் அறுந்த ஒயருக்கு நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன்.

பத்தாவது வரி அப்போதுதான் கண் முன்னால் வந்தது. பாய் மாமாவைக் கேட்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்துக்கும் சேர்த்து எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகு நானே கேட்டேன்.

"நைனா, ஒண்ணுக்கு எப்ப போன?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாய் மாமா அவர் தோளை மெதுவாகத் தட்டி, "சொல்லு மாமு, நம்ம கொயந்த தானே," என்றார். சுவரைப் பார்த்தபடியே நைனா சொன்னார். நேற்று சாயங்காலத்திலிருந்து சரியாக வரவில்லை. போக வேண்டும் என்ற உணர்ச்சியே இல்லை. ராத்திரி லுங்கி நனைந்திருந்தது, நனைந்தது தெரியவில்லை. உட்காரும் இடம் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாராம்.

"பொட்டப் புள்ள கிட்ட இத்த எப்டிமா சொல்றது?" என்றார்.

நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. எங்கள் இருவரின் கூச்சத்துக்கு நடுவில் பதின்மூன்று மணி நேரம் போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். இந்த முறை வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால் விரலைத் தூக்க முடியவில்லை, மரத்துவிட்டது, சிறுநீர் போவது தெரியவில்லை என்று மூன்றை மட்டும் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் இருந்தவரின் குரல் மாறியது. உட்கார வைக்காதீர்கள், படுத்தபடியே கொண்டுவாருங்கள், வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். 'தியேட்டர்' என்ற வார்த்தையை அவரிடமே திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒன்பது நாளுக்கு முன்னால் திறந்து தைத்த முதுகு. அதை மறுபடியுமா?

ஆம்புலன்ஸ் எட்டு மணிக்கு வந்தது. மாடிப் படியில் ஸ்ட்ரெச்சரைத் திருப்புவதற்குள் பத்து நிமிடம். எட்டு இருபதுக்கு மெயின் ரோட்டைத் தொட்டதும் நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசை. இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கன்டெய்னர், ஒன்றின் பின்னால் ஒன்று. அந்த வரிசையில் ஒரு நாள் முழுக்க நின்று, சாப்பாட்டுக் கூடையை என்னை எடுத்துவரச் சொன்னவர்தான் உள்ளே படுத்திருந்தார்.

சைரன் கத்திக்கொண்டே இருந்தது. யாரும் நகர இடமில்லை. எட்டு முப்பத்தொன்று, எட்டு முப்பத்தைந்து என்று என் வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நரம்பு ஒன்று நசுங்கிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு நிமிடமும் அதன் மேல் ஏறிப் போகிறது என்று தோன்றியது. ஆம்புலன்ஸ் பையன் நைனாவிடம் காலை அசைத்துப் பாருங்கள் என்றான். இடது காலும் கனமாக இருக்கிறது என்றார் நைனா.

பாய் மாமா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். முன்னால் நின்ற டிரெய்லரின் கதவை உள்ளங்கையால் அறைந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்த டிரைவர் எட்டிப் பார்த்தார், அடுத்த வண்டிக்குக் கை காட்டினார். மாமா அடுத்த கதவுக்கு ஓடினார். அறுபது வயதில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டி வண்டியாக அடித்துக்கொண்டே போனார். ஜன்னல் வழியாக அவர் முதுகு சிறிதாகிக்கொண்டே போவது தெரிந்தது.

நைனா படுத்தபடியே வெளியே கேட்கும் சத்தத்தைக் கவனித்தார். முன்னால் ஒரு வண்டியிலிருந்து புஸ்ஸென்று காற்று இறங்கியது.

"ஏர் வுடுறான்மா," என்றார். "பிரேக் எட்த்துட்டான். நகர்றான் பாரு."

ஒவ்வொரு புஸ்ஸுக்கும் அவர் எண்ணினார். ஐந்தாவதோ ஆறாவதோ எண்ணும்போது ஆம்புலன்ஸ் நகர்ந்தது. இடது ஓரத்தில் மலைபோன்ற வண்டிகள் சுவரோடு ஒட்டி ஒதுங்கி நிற்க, ஒரு ஆம்புலன்ஸ் அளவுக்கு மட்டும் ஒரு சந்து பிறந்திருந்தது. வரிசை முடியும் இடத்தில் பாய் மாமா மூச்சிரைக்க நின்றிருந்தார். ஓடும் வண்டியிலேயே ஏறிக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்க் குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அவ்வளவு நிறைந்திருந்தும் அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் படத்தைக் காட்டினார். ஆபரேஷன் செய்த அதே இடத்தில், முன்பைவிடப் பெரிய துண்டு ஒன்று நரம்புக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார். முதல் ஆபரேஷனில் தப்பு நடந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து போனவர்களில் சிலர் எதிர்பாராமல் திரும்பி வரத்தான் செய்கிறார்கள் என்றார். உள்ளே ரத்தம் கட்டலாம். கிருமி புகலாம். தண்டுவட நீர் கசியலாம். திருகு போட்டவர்களுக்கு அது தளரலாம். எங்களுக்கு நடந்தது வேறு. டிஸ்க்கில் பிதுங்கிய துண்டைத்தான் எடுப்பார்கள், மீதி உள்ளேயே இருக்கும். அது வந்த ஓட்டை ஆறுவதற்குள் மீதியில் ஒரு பகுதி அதே வழியாக வெளியே வந்துவிட்டது.

தும்மினாரே அதனாலா, ஞாயிற்றுக்கிழமை தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தாரே அதனாலா, முக்கினாரா என்று என் பட்டியலை நீட்டிக்கொண்டே போனேன். சொல்ல முடியாதும்மா, எதுவும் செய்யாதவர்களுக்கும் வரும் என்றார். ஓரமாக நின்ற பாய் மாமாவுக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது. "அதாம்மா. டயர் கிழிஞ்ச எடத்துல ட்யூபு பொத்துகினு வரும்ல, அந்த மாரி," என்றார். டாக்டர் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, அதேதான் என்றார்.

பிறகு டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை மணிக்கு மரத்துப்போனது?

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு நோட்டைத் திறந்து நீட்டினேன். நான்கு, ஆறு, ஏழு என்று அவர் விரல் கட்டங்களில் ஏறிக்கொண்டே போய், செவ்வாய், ஐந்தே முக்கால், பூஜ்யம் என்ற இடத்தில் நின்றது. பக்கத்தில் நட்சத்திரம். அதை அவர் பார்த்திருப்பார்.

"இதான் நேரம்," என்றார். "இன்னும் ஒரு நாள் ஆகலை. சீக்கிரம் எடுத்தா வாய்ப்பு இருக்கு."

வாய்ப்பு என்றுதான் சொன்னார். உறுதி என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் அது எழுத்தாகவே இருந்தது: கால் பலமும் சிறுநீர்க் கட்டுப்பாடும் நிரந்தரமாகத் திரும்பாமல் போகலாம். முதல் ஆபரேஷனுக்கும் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அப்போது அதைச் சம்பிரதாயமாகப் படித்தேன். இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் நைனாவின் முகம் இருந்தது.

உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பைக்குள் கைவிட்டேன். கையில் வந்தது ரப்பர் செருப்பு. வலது கால் செருப்பு. காலையில் பாத்ரூம் வாசலிலிருந்து அதை எப்போது எடுத்தேன், எதற்குப் பையில் போட்டேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. பக்கத்தில் டிபன் பாக்ஸ் அப்படியே இருந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் எந்தக் கட்டமும் போட முடியவில்லை. ஒரே கணக்குத்தான் மனதில் ஓடியது. இருபது நிமிடம் கழித்து அந்தச் செருப்பு கழன்றிருந்தால் நான் பஸ்ஸில். பாய் மாமா சிரித்துவிட்டு அதை எடுத்து மாட்டிவிட்டிருப்பார். நைனா சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்திருப்பார்.

ஆபரேஷன் முடிந்தது. துண்டை எடுத்துவிட்டோம், நரம்பு பிழைக்குமா என்பதை அதுதான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். பயம் அதோடு தீரும் என்று நினைத்திருந்தேன். அங்கேதான் ஆரம்பித்தது. மறுநாள் இடது கால் சரியாகிவிட்டது. வலது கட்டைவிரல் நான்காவது நாள் ஒரு நூலளவு அசைந்தது. சிறுநீர் மட்டும் வரவில்லை. ஐந்தாவது நாள் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். ஆறு மணி நேரம் காத்திருந்தோம். வயிறு கல் மாதிரி ஆனதும் மறுபடி குழாயைப் போட்டுவிட்டார்கள். அன்று நைனா போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டார். நாற்பத்தொன்பது வயதுதான் அவருக்கு. இனி ஆயுசு முழுக்க இந்தக் குழாயும் பையுமாகத்தானா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை அதே கேள்வி இருவர் மனதிலும் இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

குழாயோடு வீட்டுக்கு வந்தோம். பையை நான்தான் காலி செய்தேன். முதல் நாள் நைனா கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். ஒரு வாரத்தில், "இன்னாமா, இன்னைக்கு மஞ்சளா கீது?" என்று அவரே எட்டிப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டோம்.

இருபத்திரண்டாம் நாள் மறுபடி ஆஸ்பத்திரியில் குழாயை எடுத்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். காலை பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. பன்னிரண்டு அடிக்கும்போது, ஏதோ மாதிரி இருக்கிறது என்றார். பாய் மாமா கைத்தாங்கலாக வார்டின் ஓரத்தில் இருந்த பாத்ரூமுக்கு அழைத்துப் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னேன். அதற்கும் ஒன்றும் இல்லை. வார்டில் இருந்த மற்ற நோயாளிகளும் அவர்களின் வீட்டாரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் ஆனதும் என்னால் முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

"நைனா, வருதா?"

உள்ளே சற்று நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. லாரியில் இருந்துகொண்டு தெருமுனையிலிருந்து என்னைக் கூப்பிடும் அந்தப் பழைய குரல்.

"வருது. வருதுமா."

பன்னிரண்டு மணி ஏழு நிமிடம் என்று எழுதி ஒரு டிக் போட்டேன். நட்சத்திரம் போடவில்லை.

நைனா மறுபடி டிரெய்லர் ஓட்டவில்லை. வலது காலை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் நடக்கிறார். கழன்றால் தெரியாது என்பதற்காக, பாய் மாமா பழைய ட்யூபை வெட்டிச் செருப்புக்குப் பின்பட்டி வைத்துக் கொடுத்திருக்கிறார். நைனா தினமும் பஞ்சர் கடையில் உட்கார்ந்து வருகிற டிரைவர்களுக்கு எல்லாம் முதுகைப் பற்றி வகுப்பு எடுக்கிறார், யாரும் கேட்காவிட்டாலும். வாரத்துக்கு ஒரு முறை அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் விரல் விரலாகத் தொட்டுக் கேட்கிறேன். என் நோட்டில் இப்போது பத்து வரி இருக்கிறது. அன்று எழுதாமல் விட்டதுதான் முதல் வரி.

யாராவது என்னிடம் வலியே இல்லை என்று சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் உடனே சந்தோஷம் வருவதில்லை. முதலில் ஒரு முறை தொட்டுப் பார்த்து, வருதா என்று கேட்டுக்கொள்கிறேன்.